மஞ்சள் சட்டையோடு கொலம்பஸ் போகலாமா?

கேள்வி கேட்டவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முதல் வருட எம்.எஸ். மாணவர், ஆன் ஆர்பருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகிறது. அறைத் தோழர்கள் மூன்று பேர் நவம்பர் கடைசி சனிக்கிழமை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துடனான அமெரிக்க ஃபுட்பால் மேட்சுக்குக் காரில் அவர்கள் ஊரான கொலம்பஸ் போகிறார்களாம், இவரையும் கூப்பிடுகிறார்களாம். எதிரணி ஊரில் நம் கல்லூரியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தால் அடி விழுமா, செலவுக்குத் தகுமா, ஆட்டம் பாதிதான் புரிகிறது, குடிக்கிற பழக்கமும் இல்லை, லைசென்ஸ் போன மாதம்தான் வாங்கினேன் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் "இவங்க ஆட்டத்துக்கு நான் எதுக்கு?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார். தம்பி, மற்ற கேள்விகளெல்லாம் அந்த வரியைச் சுற்றி வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

போங்க. இரட்டைப்படை வருடங்களில் இந்த மேட்ச் கொலம்பஸில், ஒற்றைப்படையில் ஆன் ஆர்பரில். இரண்டு வருடப் படிப்பில் உங்களுக்கு ஒரே ஒரு கொலம்பஸ்தான் கிடைக்கும். நான் 2012, 2016, 2018, 2022, 2024 என்று ஐந்து முறை காரில் போய் வந்திருக்கிறேன், மூன்றில் தோல்வி, இரண்டில் வெற்றி. அப்புறம் என் பிழைப்பும் இதற்குப் பக்கத்தில்தான், டெட்ராய்ட் பக்கம் வாகனப் பாதுகாப்புச் சோதனையில் வேலை. அதனால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல முடியும்: இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டிய இடம் ஸ்டேடியம் கிடையாது, ராத்திரி திரும்பி வருகிற சாலை. எல்லோரும் சட்டை நிறத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், வீடு திரும்புவதை யாரும் திட்டமிடுவதில்லை.

முதலில் சட்டை. இரண்டு கல்லூரிகளும் முதன்முதலில் மோதியது 1897-இல். 1918-இலிருந்து வருடம் தவறாமல் ஆடுகிறார்கள், கொரோனாவால் 2020 மட்டும் விட்டுப்போனது. இரண்டு மாநிலங்களின் சண்டை அதற்கும் மூத்தது. 1835-இல் டொலிடோ ஊரும் அதை ஒட்டிய நிலமும் யாருக்கு என்று இரண்டு பக்கமும் ஆள் திரட்டி நின்றார்கள். கடைசியில் டொலிடோ ஒஹாயோவுக்குப் போனது, மிச்சிகனுக்கு வடக்கே மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி கிடைத்தது, 1837-இல் தனி மாநிலமும் ஆனது. நீங்கள் போகிற வழியில் முதலில் வருவது அந்த டொலிடோதான். ஒஹாயோவின் பழைய பயிற்சியாளர் வுடி ஹேய்ஸ் நம் மாநிலத்தின் பெயரையே வாயால் சொல்ல மாட்டார், 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார், இன்றைக்கும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். பெட்ரோல் தீர்ந்தாலும் தீரட்டும், மிச்சிகனில் ஒரு காசு கொடுக்க மாட்டேன், எல்லை வரைக்கும் காரைத் தள்ளுவேன் என்று அவர் அடம்பிடித்ததாக ஒரு கதை உண்டு. அது அப்படியே நடந்ததா என்பதற்கு நான் உறுதி தர மாட்டேன், ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் இந்தக் கதையை ஆசையாகச் சொல்வார்கள்.

மேட்ச் வாரத்தில் அவர்கள் வளாகத்தில் நடந்தால் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். ஆங்கில 'எம்' எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு மறைத்திருப்பார்கள். 2012-இல் முதல் தடவை பார்த்தபோது ஒரு கட்டடத்தின் வாசலில் நின்றுவிட்டேன். நீளமான பெயர், நடுவில் இரண்டு 'எம்', இரண்டின் மேலும் டேப் ஓரம் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டியிருந்தது. யாரோ ஒரு பையன் ஏணி போட்டு ஏறி, நிதானமாக, அக்கறையோடு ஒட்டியிருக்கிறான். அடிக்க நினைக்கிறவன் இவ்வளவு நேர்த்தியாக டேப் ஒட்ட மாட்டான் என்று அன்றைக்குத் தோன்றியது, அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் அதற்கு ஒத்துத்தான் போயிருக்கிறது.

கத்துவார்கள். அது நிச்சயம். தெருவில் ஒருவர் "ஓ-எச்" என்று குரல் கொடுத்தால் எதிரே வருகிற முன்பின் தெரியாத ஆள் "ஐ-ஓ" என்று முடிப்பார், அதை உங்கள் முகத்துக்கு நேராகவும் செய்வார்கள். சின்னப் பிள்ளைகள்கூட கேலி செய்யும். 2016-இல் ஸ்டேடியத்தை ஒட்டிய லேன் அவென்யூ பக்கம் காரின் டிக்கியைத் திறந்து அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைத் தாண்டிப் போனேன், டெயில்கேட் என்பது அதுதான். எழுபது வயது இருக்கும் ஒரு அம்மா, கழுத்தில் ஒஹாயோவின் அடையாளமான பக்கை மரத்தின் கொட்டைகளைக் கோத்த மாலை, என் சட்டையைப் பார்த்துவிட்டு "இந்த நிறம் உனக்குப் பொருந்தவே இல்லை" என்றார். சொல்லிக்கொண்டே டப்பாவை நீட்டினார். உள்ளே வேர்க்கடலை வெண்ணெயை உருட்டி சாக்லேட்டில் முக்கி, மேலே மட்டும் கொஞ்சம் முக்காமல் விட்ட உருண்டைகள், பார்க்க அந்தக் கொட்டை மாதிரியே இருக்கும். இரண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார், மேட்ச் தோற்ற பிறகு இனிப்பு தேவைப்படும் என்றார். தோற்றோம். இரண்டாவது உருண்டையை நான் திரும்பும் வழியில்தான் சாப்பிட்டேன்.

அதற்காக ஆபத்தே கிடையாது என்று சொல்ல மாட்டேன். மேட்ச் முடிந்து, இருட்டி, நிறையக் குடித்தவர்கள் ஹை ஸ்ட்ரீட் பார்களிலிருந்து வெளியே வருகிற நேரம்தான் வம்பு வரக்கூடிய நேரம். அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டிய தேவையே இல்லை. வெளியே வரும்போது மஞ்சள் சட்டைக்கு மேல் கறுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நாலு பேரும் சேர்ந்தே நடங்கள். வசவுக்கு வசவு வேண்டாம், சிரித்துவிட்டு நகருங்கள். 2024-இல் நாம் 13-10 என்று ஜெயித்ததும் நம் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவில் கொடி நட்டப் போய்க் கைகலப்பு ஆகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது, இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் விழுந்தது. நடந்ததெல்லாம் கீழே புல்தரையில். மேலே எங்கள் வரிசையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும், யார் கூப்பிட்டாலும், மைதானத்துக்குள் இறங்காதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்குக் கைது என்பது மற்றவர்களுக்கு ஆகிற மாதிரி ஒரு ராத்திரியோடு முடிகிற விஷயம் ஆகாது. குறிப்பாகக் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால், தீர்ப்பு வருவதற்கு முன்பே விசாவை ரத்து செய்கிறார்கள். நான் வக்கீல் இல்லை, விவரம் வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 படிவத்தின் நகலும் அடையாள அட்டையும் பையில் இருக்கட்டும்.

செலவில் பெட்ரோல் பெரிய விஷயமே இல்லை. போக வர சுமார் 380 மைல், சாதாரண செடானுக்கு 13 காலன் போதும், நாலாகப் பிரித்தால் ஒரு சாப்பாட்டுக் காசுதான் ஆளுக்கு. கையைக் கடிப்பது டிக்கெட். நம் கல்லூரிக்கு என்று ஒதுக்குவது கொஞ்சம், அதையும் நெடுநாள் சந்தாதாரர்கள் எடுத்துவிடுவார்கள், மறுவிற்பனையில் வாங்க வேண்டியிருக்கும். விலை எங்கே போகும் என்பதை முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, அந்த வருடம் இரண்டு டீமும் எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. சில நூறு டாலர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது முடியாது என்றால் வெட்கப்படாமல் தோழர்களிடம் சொல்லிவிடுங்கள். வாங்கினால் டிக்கெட் போனில்தான் வரும். அதைக் காலையிலேயே போனின் வாலட்டில் ஏற்றிவிடுங்கள், வாசலில் ஒரு லட்சம் பேர் நெட்வொர்க்கைப் பிடித்து இழுக்கும்போது எதுவும் திறக்காது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், நிறைய டிக்கெட்டுகளில் பார்கோடு மாறிக்கொண்டே இருக்கும். உட்காரும் இடத்தைப் பார்த்து வாங்குங்கள், நம் ஆட்கள் உட்காரும் மூலையில் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேட்ச் பெரும்பாலும் மதியம் 12 மணிக்கு. காலை 5 மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். யு.எஸ். 23-இல் தெற்கே டொலிடோ வரை 50 மைல், அங்கிருந்து ஐ-75-இல் ஃபின்ட்லே 45 மைல், அப்புறம் ஒஹாயோ 15 வழியாகத் திரும்பவும் 23-ஐப் பிடித்து அப்பர் சண்டஸ்கி, மேரியன், டெலவேர் என்று கொலம்பஸ். டெலவேர் தாண்டியதும் சிக்னல் மேல் சிக்னலாக வரும், அங்கே அரை மணி நேரம் போனாலும் பதற்றப்படாதீர்கள். ஐ-270 வளையச் சாலையைத் தொட்டு 315-இல் இறங்கினால் லேன் அவென்யூ, ஸ்டேடியம் ஆற்றோரமாகக் கண்ணில் படும். பக்கத்தில் பார்க்கிங் தேடிச் சுற்ற வேண்டாம். ஒரு முறை ஒரு தனியார் இடத்தில் 60 டாலர் கொடுத்து நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் முன்னும் பின்னும் காரை நெருக்கி விட்டிருந்தார்கள், வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு மைல் தள்ளி, வெளியே வர வழி இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு மாநிலங்களிலும் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2023-இலிருந்து குற்றம், மேப் பார்க்கிற வேலை பக்கத்து சீட்டுக்காரருடையது. வழிச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், ஆறினாலும் நன்றாக இருக்கும். சைவம் என்றால் ஸ்டேடியத்துக்குள் பாப்கார்னும் ப்ரெட்ஸலும் தவிர அதிகம் கிடைக்காது.

குளிரைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நவம்பர் கடைசியில் பகலிலேயே பெரும்பாலும் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான், காற்று அடித்தால் அதுவும் கிடையாது. நாலு மணி நேரம் கான்கிரீட்டில் நின்றால் சளி பிடிக்கிறதோ இல்லையோ, பாதம் மரத்துப்போகும். அங்கே பழகியவர்கள் செய்வதைச் சொல்கிறேன்: ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, பாதம் இரண்டும் வைக்கிற அளவுக்கு வெட்டி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போவார்கள், சீட்டுக்கு முன்னால் தரையில் போட்டு அதன்மேல் நிற்பார்கள். கான்கிரீட் உடம்புச் சூட்டை உறிஞ்சுவதை ஒரு சாதாரண அட்டை அந்த அளவுக்குத் தடுக்கும். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, சூடு பை நாலு. முதுகுப் பை வாசலிலேயே நிற்கும், கண்ணாடி மாதிரி தெரிகிற சின்னப் பைதான் உள்ளே போகும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஸ்டேடியத்தின் விதிகளை ஒரு முறை படித்துவிடுங்கள், வருடத்துக்கு வருடம் மாற்றுகிறார்கள்.

ஆட்டம் பாதி புரிந்தால் போதும். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் நகர்ந்தால் மறுபடி நாலு. இவ்வளவையும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வாய்ப்பு வரும்போது கூட்டத்தைக் கேளுங்கள். பந்து நம்மிடம் இருக்கும்போது அவர்கள் ஒரு லட்சம் பேரும் சேர்ந்து கத்துவார்கள். அது வெறும் ஆரவாரம் இல்லை. ஆட்டத்தை நடத்தும் நம் குவாட்டர்பேக் பக்கத்தில் நிற்கும் ஆளுக்குச் சொல்வது காதில் விழக்கூடாது, ஆட்டக்காரர்கள் ஒரே நேரத்தில் கிளம்ப முடியாமல் தடுமாற வேண்டும், அதற்காகவே அந்தச் சத்தம். அதனால்தான் வெளியூரில் ஆடும் அணி குரலை விட்டுவிட்டுக் கைத்தட்டு, கால் தூக்கல் என்று சைகையிலேயே பந்தை எடுக்கப் பழகுகிறது. 2024-இலிருந்து ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கிற ரேடியோவை அனுமதித்திருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு வாய்ப்புக்கும் தனியாக ஓடும் கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது அது அணைந்துவிடும். கடைசி நொடிகளில் அந்தப் பதினொரு பேரும் அந்தச் சத்தத்துக்குள் தனியாகத்தான் நிற்கிறார்கள். அப்போது நாம் அமைதியாக இருக்க வேண்டும், நம் ஆள் பந்து வைத்திருக்கும்போது நீங்கள் ஆர்வத்தில் கத்தினால் அதுவும் எதிரிக்குத்தான் உதவும். அப்புறம் மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்துவிடுங்கள். அவர்களின் பேண்ட் நடந்துகொண்டே ஒஹாயோ என்று கூட்டெழுத்தில் மைதானத்தில் எழுதுவதை 1936-இலிருந்து செய்கிறார்கள், கடைசியில் பெரிய சூசாஃபோன் வாத்தியத்தோடு ஒருவர் குதித்து வந்து 'ஐ' எழுத்துக்குப் புள்ளியாக நிற்பார். எதிரணி என்றாலும் எழுந்து நின்று பாருங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். அங்கே மஞ்சள் சட்டை போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பக்கத்து சீட்டுக்காரர் உங்களிடம் பேசாமலேயே நாலு மணி நேரம் போய்விடும். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். 2016-இல் கொலம்பஸில் 1,10,045 பேர், அந்த ஸ்டேடியத்தின் சாதனைக் கூட்டம், அதில் நாங்கள் ஒரு மூலையில் மஞ்சளாகக் கொஞ்சம் பேர். ஆட்டம் இரண்டாவது கூடுதல் நேரம் வரை போனது. நாலாவது வாய்ப்பில் அவர்களின் குவாட்டர்பேக் ஓடி விழுந்த இடம் பத்து கெஜம் முடியும் கோட்டைத் தொட்டதா இல்லையா என்று வீடியோவிலும் பார்த்து, தொட்டது என்றார்கள். அடுத்த ஓட்டத்தில் பந்தை எல்லைக்கோட்டுக்குக் கொண்டுபோய் டச்டவுன், 30-27. தொடவில்லை என்று இன்றைக்கும் நம் ஊரில் சொல்வார்கள். என் இடத்திலிருந்து அதைத் தெளிவாகப் பார்க்க முடியாது, அதனால் நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நிமிடம் எனக்குப் பக்கத்தில் நின்ற, அதுவரை பெயர்கூடக் கேட்காத ஒரு பெரியவர் என் தோளில் கையைப் போட்டார், நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. படி இறங்கும் வரை அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.

2022-இல் தலைகீழ். நம் ஆட்டக்காரர் டோனவன் எட்வர்ட்ஸ் கடைசிக் கால்பகுதியில் 75 கெஜம் ஒரு முறை, 85 கெஜம் ஒரு முறை ஓடினார். 45-23, கொலம்பஸில் 2000-க்குப் பிறகு முதல் வெற்றி. அந்த முதல் ஓட்டத்தில் அவர் எல்லோரையும் தாண்டியதும், மொத்த ஸ்டேடியமும் சட்டென்று ஓய்ந்துபோய் எங்கள் மூலையின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. அதை டிவியில் கேட்க முடியாது. நம் ஆட்கள் இருக்கும் மூலையில் சீட் வாங்கச் சொன்னது அதற்காகத்தான். இவர்கள் ஆட்டம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூலையில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்துவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள்.

சரி, திரும்பும் வழி. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மேட்ச் மூன்றரைக்கு மேல் முடியும், காரை எடுத்து ஊரை விட்டு வெளியே வரும்போது மணி ஐந்து. அந்த மாதத்தில் கொலம்பஸில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். காலை நாலரைக்கு எழுந்த நாலு பேர், நாள் முழுக்கக் குளிரில் நின்று தொண்டை கிழியக் கத்தியவர்கள், திடீரென்று ஹீட்டர் போட்ட சூடான காருக்குள். தூக்கம் வருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 70 மைல் வேகத்தில் கார் நொடிக்கு 31 மீட்டர் போகும். நாலு நொடி கண் மூடினால் 125 மீட்டர், நீங்கள் அன்றைக்குப் பார்த்த மைதானத்தின் முழு நீளத்தைவிட அதிகம். காபி கொஞ்ச நேரம் தாங்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தை நிறுத்தாது, நிறுத்தியதாக ஓட்டுகிறவரை நம்ப வைக்கும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான், இருபது நிமிடம் ஓரமாக நிறுத்திக் கண் அயர்ந்தாலும் நல்லது.

2018-இல் 62-39 என்று தோற்றுத் திரும்பிய இரவு. காரில் யாரும் பேசவில்லை, அப்பர் சண்டஸ்கி தாண்டி இருட்டு, இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். நண்பர்தான் ஓட்டினார், நான் பக்கத்தில் தூங்கிவிட்டேன். சாலை ஓரத்தில் செதுக்கியிருக்கும் வரிப்பள்ளத்தில் சக்கரம் ஏறிய அந்த உறுமலில்தான் இருவரும் விழித்தோம். கார் பாதி புல்லில். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த எக்ஸிட்டில் வெளியேறினார், பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் நிறுத்தியபோது அவர் கை ஸ்டீயரிங்கை விட்டு வரவே இல்லை, விரல் விரலாக எடுத்தார். விபத்துச் சோதனையே வேலையாக இருக்கிற நான்தான் அன்றைக்குப் பக்கத்து சீட்டில் தூங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு விதிகள் வைத்திருக்கிறோம், 2022-இலும் 2024-இலும் மாற்றவில்லை: முன் சீட்டில் இருப்பவர் தூங்கக்கூடாது, கொலம்பஸிலிருந்து ஒரே மூச்சில் ஆன் ஆர்பர் கிடையாது. ஃபின்ட்லேயில் அறை எடுத்துவிடுவோம். கொலம்பஸுக்குள் அந்த வார இறுதியில் இரண்டு இரவு எடுத்தால்தான் தருவோம் என்பார்கள், ஃபின்ட்லேயில் ஒரே இரவுக்கும் கிடைக்கும், நாலு பேர் பகிர்ந்தால் தாங்கும்.

மான்கள் வேறு. நவம்பர் அவற்றின் இணைசேரும் காலம், ஒஹாயோவில் மான் மோதும் விபத்துகள் அதிகமாகிற மாதமும் அதுதான், அதிலும் அந்தி நேரம். ஒன்று குறுக்கே போனால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வந்துவிட்டால் நேராக பிரேக் அடியுங்கள், ஒதுக்கித் திருப்பாதீர்கள். மானோடு மோதியதைவிட ஒதுக்கப்போய் மரத்தில் மோதியதும் உருண்டதும்தான் ஆளைக் கொல்கிறது.

லைசென்ஸ் புதிது என்றீர்கள். அதனால் ராத்திரி நீங்கள் ஓட்ட வேண்டாம், கேட்டாலும் மறுத்துவிடுங்கள். ஞாயிறு காலை வெளிச்சத்தில் ஃபின்ட்லேயிலிருந்து ஆன் ஆர்பர் வரை ஓட்டுங்கள், நேரான சாலை, பழகவும் நல்லது. சனிக்கிழமை இரவு முன் சீட் உங்களுடையது. நாலு பேரில் குடிக்காதவர் நீங்கள்தான், சாவியும் உங்களிடமே இருக்கட்டும். ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்ததும் ஓட்டப்போகிறவர் மதியத்திலிருந்து என்ன குடித்தார் என்று நேராகக் கேளுங்கள், பதில் சரியில்லை என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். கொலம்பஸிலிருந்து ஃபின்ட்லே ஒன்றரை மணி நேரம்தான். புரியாத ஆட்டத்தைப் பற்றி அந்த நேரம் முழுக்க அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே வாருங்கள், மிச்சிகன்காரர் யாரும் அந்தப் பேச்சின் நடுவில் தூங்க மாட்டார். அறை மட்டும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள், அக்டோபர் தாண்டினால் ஃபின்ட்லேயும் நிரம்பிவிடும்.